விளையாட்டாகப் பேசுவோம்: ஒலிப் பயிற்சிக்கு வீட்டில் பத்து நிமிடம்

நான்கு வயது நிரம்பிய சிறுவன் ஒருவனை அவனுடைய தாயும் பாட்டியும் எங்கள் பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். (அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.) அவனுக்கு ‘க’ என்னும் ஒலி வரவில்லை. அது வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘த’ வந்தது. கை ‘தை’ ஆயிற்று. குடை ‘துடை’ ஆயிற்று. மொட்டைமாடிச் சுவரில் காக்கை வந்து அமர்ந்தால், ‘தாத்தா! தாத்தா!’ என்று கைகொட்டி மகிழ்வான். வீட்டில் உண்மையான தாத்தாவும் இருந்தார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். தாத்தாவும் சேர்ந்தே சிரித்தார். உறவினர் வரும்போதெல்லாம் காக்கையைக் காட்டி, ‘இது என்ன, சொல்லு பார்க்கலாம்’ என்று கேட்பது வழக்கமாயிற்று.

பள்ளியில் சேர்க்கும் வயது நெருங்கியதும் தாய்க்குக் கவலை பிறந்தது. அவன் வாய்திறக்கும் ஒவ்வொரு முறையும் திருத்தத் தொடங்கினார். சோறு உண்ணும்போதும், குளிக்கும்போதும், உறங்கப் போகும்போதும் ‘கா சொல்லு, தா இல்லை, கா’ என்பதே பேச்சாயிற்று. சில மாதங்களில் சிறுவன் காக்கையைக் கண்டால் விரலால் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொண்டான். பிறகு தண்ணீர் வேண்டுமென்றாலும் சுட்டிக்காட்டினான். பிழையாகப் பேசிய பிள்ளை பேச்சையே குறைத்துக்கொண்டதுதான் அந்தத் தாயை எங்களிடம் அழைத்து வந்தது.

இத்தகைய பெற்றோரை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். அவர்களுடைய அக்கறையில் குறையில்லை. ஆனால், குழந்தையின் நாவுக்குத் தேவைப்படுவது நாள் முழுவதும் நடக்கும் திருத்தம் அன்று. நாளொன்றுக்குப் பத்து நிமிடம், மனம் மகிழும் விளையாட்டுக்குள் ஒளிந்திருக்கும் பயிற்சி போதும். எஞ்சிய நேரத்தில் குழந்தை தடையின்றிப் பேசட்டும். இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வது எப்படி என்பதையே இக்கட்டுரையில் விளக்க விழைகிறோம்.

ஒலிகள் வரிசையாக வருகின்றன

ஒவ்வோர் ஒலியும் வாயின் வெவ்வேறு இடத்தில் பிறக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதை முறையாக வகுத்துச் சொல்கிறது. நாவின் அடிப்பகுதி மேல்வாயின் உட்பகுதியைத் தொட ‘க’ பிறக்கிறது, இதழ்கள் இரண்டும் பொருந்த ‘ப’வும் ‘ம’வும் பிறக்கின்றன, நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ‘ர’வும் ‘ழ’வும் பிறக்கின்றன. இன்று பேச்சுப் பயிற்சியாளர் குழந்தையின் வாயை நோக்கிக் கவனிப்பதும் இந்த இடங்களைத்தான்.

தாயின் உதடுகள் அசைவதைக் குழந்தையால் பார்க்க முடியும். ஆகவே ‘ம’வும் ‘ப’வும் மிக முன்னதாகவே வந்துவிடுகின்றன. ‘த’, ‘ந’ போன்றவை அடுத்து வருகின்றன. ‘க’ வாயின் பின்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிறப்பதால் சில குழந்தைகள் அதற்கு மாற்றாக, எளிதில் வரும் ‘த’வைச் சொல்கின்றனர். மூன்று வயதுக் குழந்தை இவ்வாறு பேசினால் அது வளர்ச்சியின் ஒரு படி. பெரும்பாலோர் மூன்றரை, நான்கு வயதுக்குள் இதைக் கடந்துவிடுகின்றனர். நான்கு வயதுக்குப் பிறகும் நீடித்தால் உதவி தேவை. ‘ல’வுக்குப் பதிலாக ‘ய’ சொல்வதும் சிறு வயதில் இயல்பே. ‘ர’, ‘ற’, ‘ழ’ ஆகியவை நாவுக்கு அரிய வேலை தருபவை. அவை தெளிவதற்கு ஐந்து, ஆறு வயது ஆகலாம்.

ஓர் எளிய அளவுகோல் உண்டு. வீட்டாரல்லாத ஒருவர் குழந்தையின் பேச்சைக் கேட்டால், இரண்டு வயதில் ஏறத்தாழப் பாதியும், மூன்று வயதில் முக்கால் பங்கும், நான்கு வயதில் பெரும்பாலும் முழுவதும் புரிய வேண்டும். நான்கு வயதில் சில ஒலிகள் பிசகலாம்; ஆனால் சொல்ல வந்த செய்தி புரிய வேண்டும். பெற்றோருக்குத் தம் குழந்தையின் பேச்சு பழகிப்போயிருக்கும். ஆதலால் அண்டை வீட்டாருக்கோ அங்கன்வாடிப் பணியாளருக்கோ எவ்வளவு புரிகிறது என்று கேட்டறிவது நல்லது.

குடும்பத்தின் பேச்சு வழக்கையும் கருத்தில் கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்களே ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்றோ ‘வாயப்பயம்’ என்றோ சொல்வது வழக்கமாயின், குழந்தையும் அவ்வாறே சொல்வது பேச்சுக் குறைபாடு ஆகாது; கேட்டதைச் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது என்றே பொருள். வீட்டில் இரண்டு மொழிகள் பேசப்படுவதாலும் ஒலிக் குறைபாடு உண்டாவதில்லை. எந்த மொழியில் உங்களால் இயல்பாகக் கொஞ்சவும் கதை சொல்லவும் முடிகிறதோ, அந்த மொழியிலேயே பேசுங்கள்.

முதலில் செவி

பயிற்சி தொடங்குமுன் குழந்தையின் செவித்திறனைப் பரிசோதித்துவிட வேண்டும். கேளாத ஒலியை எந்த நாவும் சொல்லாது. பிறந்தபோது செய்த பரிசோதனையில் குறையில்லை என்று தெரிந்திருந்தாலும், பின்னாளில் அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டால் கேட்கும் திறன் ஏறியும் இறங்கியும் மாறும். அழைத்தால் சில நாள் திரும்பிப் பார்ப்பதும் சில நாள் பாராதிருப்பதும், தொலைக்காட்சியின் ஓசையைக் கூட்டச் சொல்வதும், அடிக்கடி ‘என்ன?’ என்று கேட்பதும் பிடிவாதத்தின் அடையாளமாக இல்லாமல் செவியின் அடையாளமாக இருக்கக்கூடும். பரிசோதனை வலியற்றது, கைக்குழந்தைக்கும் செய்யலாம்.

படிப்படியாக ஏறுவோம்

எந்த ஒலியை, எந்தப் படியில் பயில வேண்டும் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் வகுத்துத் தருவார். ஒரு நேரத்தில் ஓர் ஒலி போதும். படிகள் பொதுவாக இவை:

1. கேட்டறிதல்: சரியான ஒலிக்கும் தான் சொல்லும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தை செவியால் உணர்தல்.
2. அசை: ‘கா’, ‘கூ’, ‘அக்’ போன்ற சிறு துண்டுகளைச் சொல்லுதல்.
3. சொல்: ‘காக்கா’, ‘மூக்கு’, ‘கட்டில்’.
4. தொடர்: ‘காக்கா வந்தது’, ‘கட்டிலில் காக்கா’.
5. கதையிலும் உரையாடலிலும் தானாகவே வருதல்.

பத்து முறை சொன்னால் எட்டு முறை சரியாக வரும்போது அடுத்த படிக்குச் செல்லலாம். பாதிக்கு மேல் பிசகினால், படி உயரமாக இருக்கிறது என்று பொருள். ஒரு படி கீழே இறங்குங்கள். இதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. பிழையான ஒலியையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் பிழைதான் பழகும். எளிய படியில் பலமுறை வெற்றி பெறுவதே நாவுக்குப் பயிற்சி.

வீட்டில் பயன்படுத்தும் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘காகம்’ என்று யாரும் அழைக்காத வீட்டில் ‘காகம்’ பயில வேண்டியதில்லை, ‘காக்கா’ போதும். ‘பாலு’, ‘காலு’ என்று சொல்லும் வீட்டில் அவ்வாறே சொல்லலாம். எழுத்துத் தமிழைக் கற்பிக்கப் பள்ளி இருக்கிறது.

பத்து நிமிடம் எப்படி இருக்க வேண்டும்?

குழந்தை பசியோடோ உறக்கக் கலக்கத்தோடோ இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்கட்டும். குழந்தையின் கண்மட்டத்தில், முகத்துக்கு நேராக அமருங்கள். உங்கள் வாயசைவு அதற்குத் தெரிய வேண்டும். ஒரே மூச்சில் பத்து நிமிடம் அமராத குழந்தைக்குக் காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட நாள்தோறும் பத்து நிமிடம் நிச்சயமாக மேலானது.

அந்தப் பத்து நிமிடத்தில் பயிலும் ஒலி ஐம்பது முறையாவது குழந்தையின் வாயில் வர வேண்டும் என்பது எங்கள் இலக்கு. ‘ஐம்பது முறை சொல்’ என்றால் எந்தக் குழந்தையும் ஓடிவிடும். ஒவ்வொரு முறை ஆட்டம் நகர்வதற்கும் அந்தச் சொல் தேவைப்படுமாறு அமைத்தால், எண்ணிக்கை தானாகவே நிறைந்துவிடும். விளையாட்டின் பயன் அங்கேதான் இருக்கிறது.

இனி, எங்களிடம் வரும் குடும்பங்கள் விரும்பி ஆடும் சில விளையாட்டுகளைப் பார்ப்போம். கடையில் வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை.

தோடும் கோடும் (‘க’, ‘த’ வேறுபாடு)

ஒரு தாளும் பென்சிலும், காதில் தோடணிந்த பாட்டி அல்லது அம்மாவும் போதும். முதல் சில நாள் பெரியவர் சொல்ல, குழந்தை செய்ய வேண்டும். ‘தோடு’ என்றால் தோட்டைத் தொட வேண்டும். ‘கோடு’ என்றால் தாளில் கோடு இழுக்க வேண்டும். குழந்தையின் செவி இரண்டையும் பிரித்துணரப் பழகிவிடும். பிறகு பாத்திரங்களை மாற்றுங்கள். குழந்தை கட்டளையிடட்டும், பெரியவர் தம் காதில் விழுந்ததை மட்டுமே செய்யட்டும். கோடு வேண்டுமென்று எண்ணிக் குழந்தை ‘தோடு’ என்றால், பாட்டி அமைதியாகத் தோட்டைத் தொடுவார். குழந்தை வியந்து பார்க்கும், மறுபடி முயலும். இங்கே ‘நீ சொன்னது தப்பு’ என்று யாரும் சொல்லவில்லை. ஓர் ஒலி மாறினால் பொருள் மாறிவிடும் என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்கிறது. இரண்டு, மூன்று முறை முயன்றும் வராவிட்டால், சரியான சொல்லை நீங்களே சொல்லிக் கோட்டை இழுத்துவிடுங்கள். ஆட்டம் ஏமாற்றத்தில் முடிய வேண்டாம்.

இதே முறையில் ‘குடை, துடை’ என்றும் ‘கடி, தடி’ என்றும் ஆடலாம். ‘ச’வுக்குப் பதிலாக ‘த’ சொல்லும் குழந்தைக்குச் ‘சட்டை, தட்டை’ ஏற்ற இணை. சட்டையைக் கேட்டால் சட்டை வரும். தட்டை என்றால் தின்பதற்குத் தட்டை வரும். இந்த ஆட்டத்தில் சில குழந்தைகள் வேண்டுமென்றே பிழையாகச் சொல்வதுண்டு. அதுவும் கற்றலே; இரண்டு ஒலிகளையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் அந்தக் குறும்பு செய்ய முடியும்.

காய்கறிக் கடை (‘க’)

தமிழில் காய்களின் பெயர்களே ‘க’ ஒலிக்குச் சிறந்த பயிற்சி. கத்தரிக்காய், வெண்டைக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், அவரைக்காய் என்று எல்லாம் ‘காய்’ என்றே முடிகின்றன. சந்தையிலிருந்து வந்த பையைத் தரையில் கொட்டிக் கடை விரியுங்கள். குழந்தைதான் கடைக்காரர், கூவி விற்க வேண்டும். சொல் முழுவதையும் சொல்லவியலாத குழந்தைக்கு நீங்கள் ‘வாழை...’ என்று தொடங்கி நிறுத்துங்கள், குழந்தை ‘க்காய்!’ என்று முடிக்கட்டும். ‘அக்கா’, ‘மூக்கு’, ‘பாக்கு’ போல, சொல்லின் நடுவே இரட்டித்து வரும் ‘க்க’ சில குழந்தைகளுக்குச் சொல்லின் முதலில் வரும் ‘க’வைவிட எளிதாக அமைகிறது.

மொட்டைமாடி வானம் (‘க’)

மல்லாந்து படுக்கும்போது நாவு தன் எடையால் சற்றே பின்னோக்கிச் சரிகிறது. ‘க’ பிறக்கும் இடம் அங்கேதான் இருப்பதால், சில குழந்தைகளுக்கு இந்நிலையில் அவ்வொலி முதன்முதலாகக் கிட்டுகிறது. மாலையில் பாயை விரித்து அருகருகே படுத்து, பறந்து போகும் காக்கைகளை ‘கா, கா’ என்று அழைக்கலாம். விரலாலோ கரண்டியாலோ நாக்கை அழுத்தும் உத்தியை மட்டும் வீட்டில் முயல வேண்டாம். அதைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள்.

காயா, காலா? (‘ல’, ‘ய’ வேறுபாடு)

‘கால்’ என்பதைக் ‘காய்’ என்று சொல்லும் குழந்தைகளுக்குத் தமிழ் மூன்று நல்ல இணைகளைத் தந்திருக்கிறது: கால், காய்; பால், பாய்; வால், வாய். ஆறு சிறு அட்டைகளில் படம் வரைந்து, ஒரு துண்டின் கீழ் ஒளித்து வையுங்கள். குழந்தை ஓர் அட்டையை எடுத்து, உங்களுக்குக் காட்டாமல் பெயரைச் சொல்ல வேண்டும். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ‘ல’ சொல்லும்போது நாநுனி மேற்பல்லுக்குப் பின்னால் தொடுவதைக் கண்ணாடியில் சேர்ந்து பாருங்கள். ‘லா லா லா’ என்று பொம்மையைத் தாலாட்டுவதும் நல்ல பயிற்சி.

பாம்பும் தோசையும் (‘ச’)

தரையில் ஒரு கயிற்றை வளைத்துப் போட்டால் அதுவே பாம்பு. குழந்தை ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறும் வரை பாம்பு நகரும். ஒலி நின்றால் பாம்பும் நிற்கும். ஒலி நன்றாக வந்தபின் பொம்மைச் சமையலுக்குச் செல்லலாம். கற்பனைத் தோசைக்கல்லில் மாவு ஊற்றும் ஒவ்வொரு முறையும் ‘சொய்ங்’ என்று ஓசை எழ வேண்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தோசை. ஒவ்வொருவருக்கும் ‘சாப்பிடு’ என்று பரிமாறவும் வேண்டும்.

பேருந்து (‘ர’)

நாற்காலிகளை வரிசையாகப் போடுங்கள். குழந்தை நடத்துநர், தாத்தா ஓட்டுநர். ‘ரைட், ரைட்!’ என்று நடத்துநர் சொன்னால்தான் வண்டி நகரும். ‘மதுரை, மதுரை!’, ‘ஈரோடு, ஈரோடு!’ என்று ஊர்ப்பெயரைக் கூவிப் பயணிகளை ஏற்ற வேண்டும். ‘ழ’ பயிலும் மூத்த குழந்தைகளுக்கு விழுப்புரம், சோழவந்தான் ஆகிய ஊர்களுக்கு வண்டியைத் திருப்பலாம். இவை கடினமான ஒலிகள் என்பதால், அவற்றைப் பயிலச் சொல்லிப் பயிற்சியாளர் அறிவுறுத்திய பிறகே தொடங்குங்கள்.

பல்லாங்குழி, தாயம் போன்ற ஆட்டங்களையும் இதற்குப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறை காய் நகர்த்துமுன்னும் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தால் போதும். பெரியவர்களும் அந்த விதிக்கு உட்பட வேண்டும். புளியங்கொட்டை, சோழி போன்ற சிறு பொருள்கள் தொண்டையில் சிக்கும் அபாயம் உள்ளவை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

மற்ற நேரத்தில் திருத்த வேண்டாம்

பத்து நிமிடம் முடிந்ததும் பயிற்சியாளர் வேலை முடிந்தது. நீங்கள் மீண்டும் அம்மா, அப்பா, பாட்டி. குழந்தை பிழையாகச் சொன்னாலும், அது சொல்ல வந்த செய்திக்கே மறுமொழி கூறுங்கள். அந்த மறுமொழியில் சரியான சொல்லை இயல்பாக ஒருமுறையோ இருமுறையோ சேருங்கள். ‘அம்மா, தாத்தா பறந்து போச்சு’ என்றால், ‘ஆமாம் கண்ணு, காக்கா பறந்து போச்சு. அந்தக் காக்கா எங்கே போகுது?’ என்று கேளுங்கள். ‘காக்கான்னு சொல்லு’ என்று நிறுத்த வேண்டாம். குழந்தை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

புரியவில்லை என்றால் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். குழந்தைக்கு அது தெரிந்துவிடும். புரிந்த பகுதியைத் திரும்பச் சொல்லி மீதியைக் கேளுங்கள்: ‘கடையிலே வாங்கினோம்னு சொன்னியே, என்ன வாங்கினோம்? எனக்குக் காட்டு.’ சுட்டிக்காட்டிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். குழந்தை முயன்றது என்பதே முக்கியம்.

உறவினர்களிடமும் அண்ணன் அக்காமாரிடமும் ஒரு சொல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குழந்தையின் பிழையை அதேபோல் சொல்லிக் காட்டுவதும், வந்தவர் முன் நிறுத்திச் சொல்லச் சொல்வதும் வேண்டாம். அன்பினாலேயே செய்கிறார்கள் என்றாலும், எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்பது நான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியும். வாயைத் திறவாமலிருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதும் விரைவிலேயே புரிந்துவிடும்.

பலன் தராதவை

ஊதுகுழல் ஊதுதல், பலூன் ஊதுதல், நாக்கை மேலும் கீழும் ஆட்டுதல் ஆகியவற்றைப் பலரும் பேச்சுப் பயிற்சி என்று எண்ணிச் செய்விக்கின்றனர். ஊதுவது ஊதுவதற்கே பயிற்சி. அதனால் ஒலிகள் சீராவதில்லை. சோப்புக் குமிழி விடுவதில் தவறில்லை. ‘ஊது’ என்பதற்குப் பதிலாகப் பயிலும் சொல்லைச் சொன்னால் ஒரு குமிழி என்று வைத்துக்கொண்டால் அது நல்ல பரிசாகும்.

நாக்கின் கீழ் உள்ள தசைநார் ஒட்டியிருப்பதுதான் காரணம் என்று கருதி, அதை வெட்டிவிடுமாறு கேட்டு வரும் பெற்றோர் பலர். பேச்சுத் தாமதத்துக்கு அது காரணமாக அமைவது அரிது. பேச்சுப் பயிற்சியாளரும் மருத்துவரும் பார்த்து முடிவு செய்யட்டும். பேச்சு வருவதற்காக நாக்கில் தேனோ வசம்போ தேய்ப்பதும் பயனற்றது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி கைக்குழந்தைக்குக் கடுமையான நோயை உண்டாக்க வல்லது.

கைப்பேசியில் ஓடும் பாடல் குழந்தையின் பிழையைக் கேட்பதில்லை, மறுமொழியும் சொல்வதில்லை. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

பின்வருவனவற்றில் ஒன்றேனும் காணப்பட்டால், ‘வளர வளரச் சரியாகும்’ என்று காத்திராமல் உடனே ஆலோசனை பெறுங்கள்:

• ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வரவில்லை.
• இரண்டு வயதாகியும் ‘அம்மா வா’ போன்ற இருசொல் தொடர் வரவில்லை.
• மூன்று வயதாகியும் பேச்சில் பெரும்பகுதி பிறருக்குப் புரியவில்லை.
• நான்கு வயதுக்குப் பிறகும் ‘க’ போன்ற எளிய ஒலிகள் மாறியே வருகின்றன.
• பேசும்போது காற்று மூக்கு வழியாக வெளியேறுகிறது. பால் அல்லது உணவு மூக்கில் ஏறுகிறது.
• எந்த வயதிலாயினும், முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோயின.
• பேச்சைக் குறித்துக் குழந்தை வெட்கப்படுகிறது, பேச மறுக்கிறது.

அரசின் சிறார் நலத் திட்டத்தின் (ஆர்.பி.எஸ்.கே.) கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளை மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள். இச்சேவை கட்டணமற்றது. அங்கன்வாடியிலேயே விசாரிக்கலாம்.

மீண்டும் காக்கையிடம்

தொடக்கத்தில் குறிப்பிட்ட சிறுவனுக்குச் செவியில் குறையில்லை. முதல் மூன்று வாரம் அவனை எதையும் சொல்லச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அந்தத் தாய்க்கு அது பயிற்சியைவிடக் கடினமாக இருந்தது. பாட்டி தம் தோடுகளோடு தயாராக இருந்தார். சிறுவன் கேட்டான், கோடு இழுத்தான், சிரித்தான். வீட்டில் மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. பெரும்பாலும் பிழையான பேச்சு. யாரும் திருத்தவில்லை. ஒரு மாலை மாடியில் படுத்திருக்கையில் ‘க’ முதன்முறையாக வந்தது, மறுநாள் காணாமற்போயிற்று, நான்கைந்து நாள் கழித்து மீண்டும் வந்தது. பயிற்சி இப்படித்தான் நடக்கும். காய்கறிக் கடைக்கு இரண்டு மாதம் பிடித்தது.

நாள்தோறும் பகலுணவுக்கு முன் காக்கைக்குச் சோறு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த வேலை சிறுவனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு நாள் சுவரில் சோற்றை வைத்துவிட்டுக் ‘கா, கா’ என்று அழைத்திருக்கிறான். காக்கை வந்ததும் படியருகே ஓடி, கீழே இருந்தவரை நோக்கி, ‘தாத்தா, காக்கா வந்தாச்சு!’ என்று கூவியிருக்கிறான். இரண்டு சொற்களும் அவனுக்கு இரண்டு சொற்களாகிவிட்டன. இன்றும் அவசரத்தில் கத்தரிக்காய் ‘தத்தரிக்காய்’ ஆவதுண்டு. ஆனால் அவன் பேசிக்கொண்டிருக்கிறான். எஞ்சியவற்றுக்குக் காலம் இருக்கிறது.

அடுத்த முறை எங்கள் பிரிவுக்கு வரும்போது ஒரு சிறு குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள். எந்த ஆட்டம் பிடித்தது, எந்தச் சொல் எளிதாக வந்தது, எது பிசகியது என்று நாளுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுத நேரமில்லாத நாளில், ‘இன்று விளையாடினோம்’ என்று மட்டும் குறித்து வையுங்கள்.